மூன்றாம் அத்தியாயத்தில் யார் இல்லை?

பொங்கல் முடிந்ததும் சேலத்தில் சமூகப்பணி முதுகலை படிக்கிற பிள்ளைகள் ஜெராக்ஸ் கடைகளில் நிற்கத் தொடங்குவார்கள். நான்கு பக்கமோ பத்துப் பக்கமோ கேள்விகள். அதில் அறுபது பிரதி. ஏப்ரலுக்குள் ப்ராஜெக்ட்டை முடித்து, பைண்டிங் போட்டு, வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குப் போக வேண்டும். அவர்களில் சிலர் களப்பணிக்காக எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு வருகிறார்கள். அவர்களோடு அம்மாப்பேட்டைத் தெருக்களிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் நடப்பது என் வேலையின் ஒரு பகுதி. நடந்துகொண்டே பேசியதையெல்லாம் ஒருமுறை எழுதிவைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

அறிக்கையின் மூன்றாம் அத்தியாயத்துக்கு ‘ஆய்வு முறையியல்’ என்று பெயர். சீனியர் எழுதியதை ஜூனியர் எடுத்து, ஊர்ப் பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் மாற்றி வைத்துக்கொள்கிற அத்தியாயம் அதுதான். ‘எளிய சமவாய்ப்பு மாதிரி முறை பயன்படுத்தப்பட்டது’ என்ற வாக்கியத்தை எத்தனையோ அறிக்கைகளில் படித்திருக்கிறேன். அதை உண்மையில் செய்தவர்கள் மிகச் சிலர். எனக்கு இதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு. யாரைக் கேட்டோம், எப்படிக் கேட்டோம், யாரைக் கேட்க முடியாமல் போயிற்று என்று படிப்பவரிடம் ஒளிக்காமல் சொல்கிற ஒரே இடம் அந்த அத்தியாயம். கேட்க முடியாமல் போனவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத அறிக்கையை நம்பி நாளை யாராவது ஒரு திட்டம் வகுத்தால், அறிக்கையில் விடுபட்டவர்கள் திட்டத்திலும் விடுபடுவார்கள். யாருக்காக இந்தப் படிப்புக்கு வந்தோம் என்று சொல்லிக்கொள்கிறோமோ, பெரும்பாலும் அவர்கள்தாம் அப்படி விடுபடுகிறவர்கள்.

தலைப்பிலிருந்து தொடங்குகிறேன். ‘சேலம் மாவட்ட வெள்ளிக் கொலுசுத் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு.’ இப்படி ஒரு தலைப்போடு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். நியாயமான ஆர்வம்தான். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கமெல்லாம் வீட்டோடு சேர்ந்த கொலுசுப் பட்டறைகள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் பலர் அந்த வீடுகளிலிருந்தே படிக்க வருகிறார்கள். ஆனால் இந்தத் தலைப்பில் இன்னும் கேள்வி பிறக்கவில்லை. வயது, சாதி, படிப்பு, வருமானம், வீடு, கடன் என்று எதைக் கேட்டாலும் இதற்குள் அடங்கும். எதைக் கேட்டாலும் அடங்குகிற தலைப்பில் எதைத் தேடுகிறோம் என்று நமக்கே தெரியாது.

ஒரு மாணவியிடம், “ஏட்டுல இருக்கறத விடும்மா, ஒனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “எங்க தெருவுல பத்தாவது முடிச்ச பொண்ணுங்க சில பேரு மேல படிக்கறாங்க, சில பேரு வீட்டுலயே கொலுசு வேலைக்கு உக்காந்துடறாங்க மேடம். ரெண்டு வீடும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கு. ஏன் இப்படின்னு தெரியணும்.” அந்த இடத்தில்தான் ஆய்வு பிறந்தது.

அவள் சொன்னதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. பல அறிக்கைகள் தவறவிடுவது அதைத்தான். படிப்பை நிறுத்திய பெண்களை மட்டும் தேடிப்போய் அறுபது பேரைப் பார்த்தால், நாற்பத்தெட்டு வீட்டில் கடன் இருக்கிறது என்று தெரியவரலாம். உடனே, ‘கடனே படிப்பை நிறுத்துகிறது’ என்று ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதிவிடுவார்கள். படிப்பைத் தொடர்கிற பெண்களின் வீடுகளிலும் அதே அளவு கடன் இருந்தால்? அந்த வீடுகளுக்கு நாம் போகவே இல்லையே. ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல் காரணம் பேச முடியாது. ஆகவே முப்பது இந்தப் பக்கம், முப்பது அந்தப் பக்கம். அதே அறுபது தாள்தான், ஆனால் இப்போது அது ஒரு கேள்விக்குப் பதில் தேடுகிறது.

அடுத்து, ‘படிப்பை நிறுத்தியவர்’ என்றால் யார்? பத்தாவதில் ஒரு பாடம் தவறி, துணைத்தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவள் நிறுத்தியவளா? டைப்ரைட்டிங் மட்டும் போகிறவள்? தொலைநிலைக் கல்வியில் சேர்ந்துவிட்டுப் பட்டறையில் உட்கார்ந்திருப்பவள்? களத்துக்குப் போகுமுன் இதை முடிவுசெய்து எழுதிவைக்க வேண்டும். செயல்முறை வரையறை என்று வகுப்பில் சொல்வது இதைத்தான். வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மாதிரி முடிவெடுத்தால், கடைசியில் கூட்டிப்போடுகிற எண்ணுக்குப் பொருளே இருக்காது.

ஆய்வின் வகைகள், சார்ந்த மாறி, சாரா மாறி, கருதுகோள் பற்றியெல்லாம் பாடநூலில் நன்றாகவே இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். எல்லா ஆய்வுக்கும் கருதுகோள் வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் அஞ்ச வேண்டாம். யாரும் அதிகம் பார்க்காத ஒன்றைத் தெரிந்துகொள்ளப் போகிறபோது, முன்கூட்டியே ஒரு விடையை எழுதி வைத்துக்கொண்டு போக வேண்டிய கட்டாயம் இல்லை. தெளிவான கேள்வி போதும்.

மாதிரி எடுப்பதற்கு வருவோம். இதில்தான் நான் நெடுநேரம் நிற்பேன்.

சமவாய்ப்பு மாதிரி என்றால் கண்ணில் பட்டவரைக் கேட்பது என்று பல பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள். அது நேர் எதிர். ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும், அல்லது ஒவ்வொரு வீட்டுக்கும், தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு இருக்க வேண்டும். அந்த வாய்ப்பு எவ்வளவு என்று நமக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். அதற்கு முதலில் முழுப் பட்டியல் தேவை. பட்டியல் எங்கே கிடைக்கும்? வாக்காளர் பட்டியலில் பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் இருக்க மாட்டார்கள். குடிபெயர்ந்து போனவர்கள் இருப்பார்கள், புதிதாக வந்தவர்கள் இருக்க மாட்டார்கள். ரேஷன் கார்டு பட்டியலில் கார்டு இல்லாத வீடு இருக்காது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பினால், நம்மிடம் முழுமையாக உள்ளது 2011-க்கு உரியது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டில் நடக்கவில்லை. அங்கன்வாடிப் பணியாளரின் பதிவேடு பல ஊர்களில் இவற்றைவிட நிகழ்காலத்துக்கு நெருக்கமாக இருக்கும். ஆனாலும் சிறிய ஊர் என்றால் என் பரிந்துரை ஒன்றுதான்: நீங்களே நடந்து வீடுகளை எண்ணுங்கள். மலைக் கிராமத்தில் நூறு வீட்டுக்கு எண் போட ஒரு பகல் போதும். அந்த நடையில் ஊரும் உங்களைப் பார்த்துவிடும்.

பட்டியல் கையில் வந்தபின் வேலை எளிது. 240 வீடு இருக்கிறது, 40 வேண்டும் என்றால் ஆறு வீட்டுக்கு ஒன்று. ஒன்றிலிருந்து ஆறு வரை சீட்டெழுதிக் குலுக்கிப்போட்டு ஒன்றை எடுங்கள். நான்கு வந்தால் நான்காவது, பத்தாவது, பதினாறாவது வீடு. முறைசார் மாதிரி என்பது இவ்வளவுதான்.

சிக்கல் அதற்கப்புறம் வருகிறது. பதினாறாவது வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், பேசவும் தயாராக இருக்கிறார். பிள்ளைகள் அவரிடம் போய்விடுவார்கள். பகல் பதினொரு மணிக்குப் பூட்டியிருக்கிற வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஆள் இருக்கிற வீடு வேறு வகையான வீடு. பூட்டிய வீட்டை எல்லாம் இப்படிப் பக்கத்து வீட்டால் நிரப்பிக்கொண்டே போனால், கூலிக்குப் போகிற குடும்பங்கள் ஒவ்வொன்றாக உங்கள் ஆய்விலிருந்து வெளியே போய்விடும். தாள் மட்டும் அறுபது நிறைந்திருக்கும்.

ஏற்காட்டில் இதை வெளிப்படையாகவே பார்க்கலாம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கிற காலம். இந்த மலைகளில் வாழ்கிற மலையாளிப் பழங்குடிப் பெண்கள் பலர் விடிந்ததும் எஸ்டேட்டுக்குப் புறப்பட்டால் பொழுது சாயும்போதுதான் திரும்புவார்கள். நம் கல்லூரிகளின் ஆய்வுக் காலமோ சரியாக ஜனவரி, பிப்ரவரியில் விழுகிறது. பகலில் போய்ப் பகலிலேயே திரும்புகிற மாணவர் ‘மலைவாழ் பெண்களின் வேலைச்சுமை’ பற்றி, வேலைக்குப் போகாத பெண்களிடம் கேட்டுவிட்டு வருவார். இதற்கு மாற்று உண்டு. எஸ்டேட்டில் விடுமுறை நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போகலாம். ஊரில் ஓர் இரவு தங்க இடம் கேட்கலாம். பூட்டிய வீட்டுக்கு இன்னொரு முறை, அதுவும் வேறொரு நேரத்தில் போகலாம். அப்படியும் முடியாவிட்டால், எத்தனை வீடு பூட்டியிருந்தது என்று எண்ணி மூன்றாம் அத்தியாயத்தில் எழுதலாம். அப்படி எழுதினால் மதிப்பெண் குறையும் என்று பயப்படுகிறார்கள். நான் வைவா மேசையில் இருந்தால் அந்த ஒரு வரிக்காகவே கூடுதலாகப் போடுவேன்.

பேருந்தும் மாதிரியைத் தீர்மானிக்கிறது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போய், அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடித்து, மாலைக்குள் இறங்கியாக வேண்டும் என்றால் எந்த ஊருக்குப் போவோம்? தார்ச்சாலை ஓரத்து ஊருக்கு. அதிலும் சாலையை ஒட்டிய வீடுகளுக்கு. மேட்டுக்கு அந்தப் பக்கம், ஒற்றையடிப் பாதையில் நடந்து போக வேண்டிய குடிசைகள் ஆய்வில் வரவே வராது. இங்கிலாந்து ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் 1983-ல் இதை விரிவாகவே எழுதினார். கிராமத்தைப் பார்க்க வருகிறவர்கள் சாலையோரத்தைப் பார்க்கிறார்கள், ஆண்களிடமும் வசதியானவர்களிடமும் பேசுகிறார்கள், மழையில்லாத மாதத்தில் வருகிறார்கள், ஏற்கெனவே திட்டம் நடக்கிற இடத்துக்கே அழைத்துப் போகப்படுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். அவர் 1970-களில் நம் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் களப்பணி செய்தவர் என்பதை என் மாணவர்களிடம் தவறாமல் சொல்வேன். வேறெங்கோ யாருக்கோ எழுதியதாக நினைத்து அதைத் தள்ளிவிடக் கூடாது.

எத்தனை பேர் போதும் என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. பெரிய மக்கள்தொகையில் ஒரு விகிதத்தை ஐந்து சதவீதம் கூடக்குறைய, 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமானால் ஏறத்தாழ 384 பேர் வேண்டும். அதுவும் முறையான சமவாய்ப்பு மாதிரியாக இருந்தால்தான். ஒரு மாணவர் தனியாக 384 வீடு ஏற முடியாது. ஆகவே அறுபது பேரைப் பார்த்துவிட்டு ‘சேலம் மாவட்டத் தொழிலாளர்கள்’ என்று பேசாதீர்கள். ‘இந்த இரண்டு தெருக்களில் நாங்கள் சந்தித்த அறுபது பேர்’ என்று பேசுங்கள். சிறியதாகச் சொன்னால் மதிப்புக் குறைந்துவிடாது.

சமவாய்ப்பு அல்லாத முறைகளை இரண்டாந்தரம் என்று நினைக்கிற பழக்கமும் போக வேண்டும். திருநங்கையர், எச்.ஐ.வி. உள்ளவர்கள், வட்டிக்கடனில் சிக்கியவர்கள் ஆகியோருக்கு எந்த அலுவலகத்திலும் நாம் கேட்டு வாங்கக்கூடிய பட்டியல் இல்லை. இருந்தாலும் நாம் அதைக் கேட்கக் கூடாது. ஒருவர் வழியாக இன்னொருவரை அறிந்து போகிற பனிப்பந்து முறைதான் அங்கே சரி. நோக்கத்தோடு தேர்ந்தெடுத்தோம் என்றால் அப்படியே எழுதுங்கள். செய்யாத முறையின் பெயரை அறிக்கையில் போடுவது, பேசாத ஆளின் பதிலை நிரப்புவதற்கு மிக அருகில் இருக்கிறது.

இனி கேள்விகள். ‘உங்கள் மாத வருமானம் எவ்வளவு?’ இதைவிடப் பயனில்லாத கேள்வி நம் வினாத்தாள்களில் குறைவு. மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்துகிற கேள்வியைப் பறிப்புக் காலத்தில் நாட்கூலியும் மற்ற நாளில் கிடைத்த வேலையுமாக வாழ்கிறவரிடம் கேட்கிறோம். அவர் நம் முகத்தைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வார். உதவி கிடைக்கும் என்று நினைத்தால் குறைத்து, கௌரவம் என்று நினைத்தால் கூட்டி. அதற்குப் பதிலாக, போன வாரம் எத்தனை நாள் வேலை இருந்தது, ஒரு நாளைக்கு என்ன கொடுத்தார்கள், வீட்டில் வேறு யார் போனார்கள் என்று கேளுங்கள். நினைவு நெருக்கமாக இருக்கும்போது பதில் உறுதியாக இருக்கும். பிறகு, வருடத்தில் எந்தெந்த மாதம் வேலை இருக்காது என்று தனியாகக் கேளுங்கள். தரையில் பன்னிரண்டு கட்டம் வரைந்து, வேலை இருக்கிற மாதத்தில் நிறையக் கல்லும் இல்லாத மாதத்தில் குறைவாகவும் வைக்கச் சொன்னால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளும் சேர்ந்து உட்கார்ந்து வாதாடி ஒரு முழு வருடத்தைக் காட்டிவிடுவார்கள். பங்கேற்பு முறையில் பருவ நாட்காட்டி என்று இதைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்த முறை. அவர்களுக்குள் நடக்கிற அந்த வாதாட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்; பெரும்பாலும் கற்களைவிட அதில்தான் விஷயம் இருக்கும்.

யார் முன்னிலையில் கேட்கிறோம் என்பதும் ஆய்வு முறையின் பகுதிதான். பட்டறை முதலாளி பக்கத்தில் நிற்கும்போது முன்பணக் கடனைப் பற்றிக் கேட்டால், “எங்க மொதலாளி நல்லாப் பாத்துக்கறாரு” என்ற பதில்தான் வரும். மாமியார் முன்னிலையில் மருமகளிடம் குடும்ப வன்முறை பற்றிக் கேட்பதால் அந்தப் பெண்ணுக்கு ஆபத்துகூட வரலாம். பொய்யான பதிலையாவது திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. நாம் கிளம்பியபின் அந்த வீட்டுக்குள் நடப்பதை நாம் திருத்த முடியாது.

அளவுகோல்களைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் இறக்கிய அளவுகோலை அப்படியே பயன்படுத்துவது வழக்கமாகிவிட்டது. மாரிஸ் ரோசன்பெர்க் 1965-ல் வெளியிட்ட தன்மதிப்பு அளவுகோலில் 10 கூற்றுகள் உண்டு. அது நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் உருவானது. அதை மஞ்சக்குட்டைப் பக்கத்து முதிய பெண்களிடம் கேட்டுக் கூட்டிப்போட்டால் ஒரு எண் வரும். அந்த எண் எதை அளந்தது என்று யாருக்கும் தெரியாது. குப்புசாமியின் 1976 சமூகப் பொருளாதார அளவுகோல் நகரக் குடும்பங்களுக்காகச் செய்தது. கிராமத்துக்கு உதய் பரீக் 1964-லேயே தனியாக ஒன்று செய்திருக்கிறார். இரண்டையும் ஒருமுறை படித்துப் பார்த்தால், மலைக் கிராமத்தில் எது எங்கே இடிக்கும் என்று புரியும். அளவுகோலின் நம்பகத்தன்மையைக் காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் 0.7-க்கு மேல் வந்துவிட்டது என்று மகிழ்வார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. நம்பகத்தன்மை இருக்கும், ஏற்புடைமை, அதாவது அளக்க நினைத்ததையே அளக்கிற தன்மை, இல்லாமல் போகலாம். ஆகவே முன்னோட்டச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். உங்கள் மாதிரியில் வராத ஏழெட்டுப் பேரிடம் முழு வினாத்தாளையும் கேட்டு, எந்தக் கேள்வியில் அவர்கள் முகம் சுருங்குகிறது, எந்த இடத்தில் திரும்பக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஜெராக்ஸ் கடைக்கு அதற்கப்புறம் போகலாம்.

சேலத்தில் படிக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு புள்ளிவிவரக் கதை இருக்கிறது. பெண் சிசுக்கொலைக்கு எதிராகத் தமிழக அரசு 1992-ல், வளர்க்க விரும்பாத குழந்தையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுச் செல்ல வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் நம் மாவட்டத்தில்தான். 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள். அப்போது மாநிலச் சராசரி 942. 2011-ல் சேலத்தின் எண் 910-ஐத் தாண்டியது. திட்டம் வெற்றி என்று எழுதிவிடலாமா?

முதலில், 1991-ஐயும் 2001-ஐயும் ஒப்பிட நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. இரண்டு கணக்கெடுப்பிலும் ‘சேலம்’ என்று இருக்கும். இரண்டும் ஒரே நிலப்பரப்பு இல்லை. அடுத்து, தொட்டில் திட்டம் நடந்த அதே காலத்தில் கருவிலேயே பாலினம் கண்டறிவதைத் தடைசெய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது, பெண்கள் படிப்பு உயர்ந்தது, குடும்பத்தின் அளவு சுருங்கியது, பல அமைப்புகள் ஊர் ஊராகப் போய்ப் பேசின. இவற்றில் எது எவ்வளவு செய்தது என்று இரண்டு எண்களை வைத்துப் பிரிக்க முடியாது. தொட்டில் இல்லாத, மற்ற எல்லாவற்றிலும் சேலத்தைப் போன்ற ஒரு மாவட்டம் ஒப்பிடக் கிடைத்தால் ஓரளவு பேசலாம். கொலுசுத் தெருவில் முப்பதும் முப்பதும் வைத்த அதே நியாயம்தான் மாவட்ட அளவிலும். இதைச் சொல்வதால் திட்டத்தைக் குறைத்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொட்டிலில் விடப்பட்டு உயிரோடு வளர்ந்த ஒவ்வொரு குழந்தையும் உண்மை. மாவட்டத்தின் விகிதம் ஏன் மாறியது என்பது அதிலிருந்து தனியான கேள்வி.

அந்தக் குழந்தைகளைக் கொடுத்த தாய்மார்களை நேர்காணல் செய்ய வேண்டும் என்று ஒரு மாணவர் ஆசைப்பட்டார். அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அவர்களில் பலர் அதைப் பற்றி யாரிடமும் பேசாமல் ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். விசாரித்துக்கொண்டு ஊருக்குள் போனாலே அது உடைந்துவிடும். பட்டம் வாங்குவதற்கான ஆய்வுக்கு அந்த விலை கொடுக்கலாகாது. ஆய்வு அறம் பற்றி வகுப்பில் சொல்லும்போது டஸ்கீகி கதை வரும். அமெரிக்காவின் அலபாமாவில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் (சிபிலிஸ்) கண்ட கறுப்பின ஆண்களுக்கு நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல், பென்சிலின் வந்தபின்னும் கொடுக்காமல், அரசுச் சுகாதாரத் துறையே ‘ஆய்வு’ செய்தது. அது வெளியில் வந்து எழுந்த எதிர்ப்பின் தொடர்ச்சியாகத்தான் 1979-ல், ஆய்வு அறத்தின் அடிப்படைகளை வகுத்த பெல்மான்ட் அறிக்கை வெளியானது. இதைக் கேட்டுவிட்டு, நாம் அப்படியெல்லாம் செய்ய மாட்டோம் என்று பிள்ளைகள் நிம்மதியாகிவிடுகிறார்கள். நம் அளவில் நடக்கிறதைப் பாருங்கள் என்பேன்.

மலையில் ஒரு பாட்டி வினாத்தாளைப் பார்த்ததும் கேட்டார்: “எம் பேர எழுதிக்கிட்டா உதவித்தொகை வருமா சாமி?” வராது. அதைக் கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். சொன்னால் பேச மாட்டார்களே என்று தயங்கினால், அந்தப் பாட்டியின் நம்பிக்கையை வைத்து நம் தாளை நிரப்புகிறோம் என்று பொருள். “இது என் படிப்புக்கு பாட்டி. இதனால உங்களுக்கு எதுவும் கெடைக்காது. இஷ்டமில்லன்னா வேண்டாம், நடுவுல நிறுத்திக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கேட்கலாம். நேர்காணல் முடிந்தபின் முதியோர் உதவித்தொகைக்கு எங்கே, என்னென்ன தாளோடு விண்ணப்பிப்பது என்று பொறுமையாகச் சொல்லலாம். நாம் சமூகப்பணியாளர்கள், அந்தக் கடமை ஆய்வுக்காக உறங்கப் போவதில்லை. ஆனால் இரண்டையும் கலக்கக் கூடாது, வரிசையையும் மாற்றக் கூடாது. ஊர்த் தலைவர் ‘போய்க் கேளுங்க’ என்று அனுமதிப்பது ஊருக்குள் நுழைவதற்கு மட்டும்தான். வீட்டுக்குள் இருக்கிற பெண்ணின் சம்மதத்தை அவள்தான் தர வேண்டும். கையெழுத்தோ கைநாட்டோ கேட்டால் பயப்படுகிறவர்களிடம், சாட்சி ஒருவர் இருக்க வாய்மொழிச் சம்மதம் வாங்கி, அப்படித்தான் வாங்கினோம் என்று எழுதுங்கள்.

குழந்தைகளிடம் போகிறவர்களுக்கு இன்னொன்று. பெற்றோர் அனுமதியோடு குழந்தையின் விருப்பமும் வேண்டும். ‘நீ சொல்றத யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி, குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை நமக்கு உண்டு. இரகசியம் எதுவரை என்பதை முதலிலேயே குழந்தைக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், உங்களை அனுப்பிய நிறுவனத்தில் யாரை உடனே அழைப்பது என்பதும் கையில் இருக்க வேண்டும்.

பகுப்பாய்வைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிவர மென்பொருள் எதைக் கொடுத்தாலும் கூட்டிக் கழித்துத் தரும். கேட்டது சரியா என்று அதற்குத் தெரியாது. அறுபது பேரைப் பன்னிரண்டு கட்டமாகப் பிரித்துக் இரண்டு விஷயங்களுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கிற கை-வர்க்கச் சோதனை போட்டால், எதிர்பார்ப்பு எண்ணிக்கை பல கட்டங்களில் ஐந்துக்குக் கீழே போய்விடும். அந்த விடையை நம்பக் கூடாது. கட்டங்களைக் குறையுங்கள், அல்லது சோதனையை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் தெளிவாகக் கொடுங்கள். நேர்காணல்களை அன்றிரவே எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதினால் அவர்கள் சொன்னது போய், நாம் புரிந்துகொண்டதுதான் மிஞ்சும்.

மாணவர் செய்கிற ஆய்வுக்கு என்ன பெரிய மதிப்பு என்று சோர்ந்துபோகிறவர்களிடம் நான் சொல்கிற ஒரு செய்தி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியல் துறைக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தம் மாணவர்களைக் கிராமங்களை ஆராய அனுப்பினார். நிலம், கூலி, கடன், சாதி, உணவு என்று அவர்கள் கேட்டு எழுதியது 1918-ல் அச்சில் வந்தது. இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி போன்ற அந்த ஊர்களுக்கு 1930-களில் வேறு ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். அதற்குப் பிறகும் போனார்கள். நூறு வருடத்தில் ஒரு தமிழ்க் கிராமம் எப்படி மாறியது என்று இன்று பேச முடிவதற்கு அடித்தளம் அந்தப் பிள்ளைகளின் குறிப்புகள். எந்த ஊர், எந்த வருடம், என்ன கேட்டார்கள் என்பது பதிவாகியிருந்ததால்தான் பின்னால் வந்தவர்களுக்கு ஒப்பிட முடிந்தது.

ஏப்ரலில் அறிக்கை கொடுத்ததும் பெரும்பாலோர் அந்த ஊரை மறந்துவிடுகிறார்கள். ஒரு குழு அப்படிச் செய்யவில்லை. மலைக் கிராமம் ஒன்றில் பிள்ளைகள் பள்ளிக்கு அடிக்கடி வராததற்குக் காரணம் ‘பெற்றோரின் ஆர்வமின்மை’ என்று அவர்களுடைய தாள்களில் வந்திருந்தது. அச்சுக்குப் போகுமுன் ஊர்ப் பெண்களை உட்காரவைத்து வாசித்துக் காட்டினார்கள். பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளி விட்டபின் பிள்ளைகள் வீடு திரும்ப ஒரே பேருந்துதான், அது வராத நாளில் இருட்டில் காட்டு வழியே நடக்க வேண்டும், அதனால்தான் மழைக்காலத்தில் அனுப்புவதில்லை என்றார்கள். வினாத்தாளில் தரப்பட்ட விடைகளில் பேருந்து இல்லவே இல்லை. மாணவர்கள் தங்கள் முடிவையும் அந்தப் பெண்களின் மறுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிட்டார்கள்.

பிறகு அந்த ஒரு விஷயத்தை மட்டும் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, மே 1 கிராமசபைக்குக் கொண்டு போனார்கள். அறிக்கை கொடுக்கிற மாதத்துக்கும் அந்தக் கிராமசபைக்கும் இடையில் சில நாட்கள்தான் இருக்கும். இந்த வருடம் மலைக்குப் போகிறவர்கள் அந்தத் தேதியை இப்போதே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பக்கத்தை நீங்கள் படிக்க வேண்டாம், பேருந்துக்காகக் காத்திருக்கிற பிள்ளையின் அம்மாவிடம் கொடுங்கள். அவர் எழுந்து பேசும்போது எண்கள் தேவைப்பட்டால் எடுத்துக்கொடுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.